கொலு பொம்மைக்குப் பெட்டி: முதலில் ஸ்கேல், அப்புறம் கடை

நீங்கள் கேட்டது இதுதான். சென்னை கொசப்பேட்டையில் கொலு பொம்மை எடுத்து, மயிலாப்பூர் வீட்டிலிருந்து ஆன்லைனில் விற்கிறீர்கள். போன நவராத்திரிக்கு பெங்களூருக்கும் மும்பைக்கும் அனுப்பியதில் பத்துக்கு இரண்டு பொம்மை கை உடைந்தோ மூக்கு போயோதான் சேர்ந்தது. போதாக்குறைக்கு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் பார்சலுக்குக் கூரியர்காரர் மூன்றரை கிலோவுக்குக் காசு வாங்குகிறார். எத்தனை ப்ளை (அட்டையில் எத்தனை தாள் அடுக்கு) பெட்டி வாங்கலாம், பபிள் ராப் எத்தனை சுற்று சுற்றலாம் என்கிறீர்கள்.

பதினெட்டு வருஷம் அட்டைப்பெட்டி வியாபாரத்தில் இருந்திருக்கிறேன். ப்ளைக்கு அப்புறம் வருகிறேன், முதலில் உங்கள் பெட்டியைப் பார்ப்போம். எல்லா ஒன்பது அங்குல பொம்மைக்கும் கடையில் கிடைக்கும் 12×10×8 அங்குலப் பெட்டியைத்தான் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். உடைவதும் காசு போவதும் இந்த ஒரே இடத்தில்தான். பொம்மையைச் சுற்றி இருக்கும் காலி இடத்துக்குத்தான் நீங்கள் கூரியரில் பணம் கட்டுகிறீர்கள், அதே காலி இடத்தில்தான் பொம்மை உருண்டு போய் முட்டிக்கொள்கிறது.

கூரியர் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தராசில் வரும் எடை ஒன்று, பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிச் சொல்லும் எடை இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். இரண்டாவதற்கு வாய்ப்பாடு சுலபம்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ வரும். எல்லோரும் 5000 வைப்பதில்லை, 4000, 4500 என்று வைக்கிற நிறுவனங்களும் உண்டு. எண் குறைந்தால் உங்கள் பில் ஏறும், அதனால் ரேட் பேசும்போது கிலோ என்ன விலை என்று கேட்கிற கையோடு எதனால் வகுக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். இரண்டு கம்பெனி ஒரே ரேட் சொன்னாலும் இந்த எண்ணில் வித்தியாசம் இருந்தால் ஒன்று கால்பங்கு வரை விலை அதிகம் என்றுதான் அர்த்தம்.

உங்கள் 12×10×8 பெட்டி, அட்டைக் கனத்தையும் சேர்த்து வெளியே அளந்தால் கிட்டத்தட்ட 31.1×26×21.5 செ.மீ. வகுத்தால் 3.48 கிலோ, அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றிப் போடும் ஸ்லாபில் மூன்றரை. கூரியர்காரர் உங்களை ஏமாற்றவில்லை.

இப்போது பொம்மையை அளப்போம். டெய்லர் டேப் வேண்டாம், அது பொம்மையின் வளைவோடு போய்விடும். பொம்மையை மேஜை மேல் வைத்து இரண்டு பக்கமும் கனமான புத்தகத்தை நிறுத்தி, இரண்டும் பொம்மையின் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தைத் தொடும் வரை தள்ளி, புத்தகங்களுக்கு நடுவில் இருக்கும் தூரத்தை ஸ்கேலில் எடுங்கள். கிருஷ்ணன் என்றால் அது புல்லாங்குழல் நுனி, சரஸ்வதி என்றால் வீணையின் தலைப்பு. நிறைய பேர் பீடத்தை மட்டும் அளந்துவிட்டு, பெட்டி வந்தபிறகு வீணை உள்ளே போகவில்லை என்று முழிப்பார்கள். உங்களுடைய காகிதக்கூழ் கிருஷ்ணன் 23 செ.மீ. உயரம், 13 அகலம், 10 கனம், எடை 700 கிராம் என்று வைத்துக்கொள்கிறேன்.

எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடம் விடு என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்கிற விதி. நல்ல விதிதான், ஆனால் அப்படி விட்டால் உள்ளளவு 33×23×20, மூன்று ப்ளையில் வெளியளவு 33.6×23.6×21.2, எடைக்கணக்கு 3.36 கிலோ. மறுபடி மூன்றரைதான். லேசான காகிதக்கூழ் பொம்மைக்கு, கசக்கிப்போட்ட பேப்பருக்குப் பதில் அடர்த்தியான ஃபோம் ஷீட்டை இறுக்கமாக வைத்தால் 3 செ.மீ. போதும் என்பது என் அனுபவம். அப்போது பொம்மையைப் படுக்கவைத்து உள்ளளவு 29×19×16. வெளியளவு 29.6×19.6×17.2. பெருக்கி வகுத்துப் பாருங்கள், 1.996 வரும். இரண்டு கிலோ. அதே பொம்மை, அதே ஊர், ஒன்றரை கிலோ காசு மிச்சம்.

ஆனால் மயிரிழையில்தான் தப்பிக்கிறீர்கள், அதைக் கவனியுங்கள். உள்ளே அதிகமாகத் திணித்து மேல்மூடி ஒரு சென்டிமீட்டர் புடைத்துக்கொண்டால், கூரியரில் அளக்கிற இயந்திரம் புடைத்த உச்சியைத்தான் எடுக்கும், உயரம் 18.2 ஆகும், கணக்கு 2.11, பில் இரண்டரை. மூடி ஸ்கேல் வைத்தால் தட்டையாக உட்கார வேண்டும். புடைத்த பெட்டி மேல் வேறு பெட்டி வைத்தாலும் நேராக நிற்காது.

உள்ளளவு, வெளியளவு என்று மாற்றி மாற்றிச் சொல்கிறேனே, அதில்தான் புதிதாக வாங்குபவர்கள் சறுக்குவார்கள். பெட்டி செய்பவரிடம் பேசும்போது நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில் உள்ளளவு சொல்வதுதான் வழக்கம். மூடி திறக்கிற வாயில் பெரிய பக்கம் நீளம், சின்ன பக்கம் அகலம், மூடியிலிருந்து அடி வரை உயரம். கூரியருக்கு வெளியளவு. சாதாரண மூன்று ப்ளை அட்டை சுமார் 3 மி.மீ. கனம், அதனால் நீளத்திலும் அகலத்திலும் 6 மி.மீ. கூடும், உயரத்தில் மட்டும் மேலே இரண்டு மடிப்பு, கீழே இரண்டு மடிப்பு என்று நான்கு அட்டை வருவதால் 12 மி.மீ. ஐந்து ப்ளை அட்டை 6, 7 மி.மீ. இருக்கும், உயரத்தில் மட்டுமே சுமார் இரண்டரை செ.மீ. ஏறிவிடும். தேவையில்லாத இடத்தில் ஐந்து ப்ளை போட்டால் அட்டைக்கும் காசு, கூரியருக்கும் காசு. கடைக்காரர் அங்குலத்தில் பேசுவார், கூரியர் சென்டிமீட்டரில் பேசும், நடுவில் நீங்கள் 2.54-ஐ மறந்துவிடாதீர்கள். அங்குலத்திலேயே கணக்கு போட வேண்டுமென்றால் மூன்று அளவையும் பெருக்கி 305-ஆல் வகுங்கள், 5000 கணக்குக்கு அதே விடைதான்.

சரி, ப்ளைக்கு வருவோம். மூன்று ப்ளை என்றால் இரண்டு தட்டைத்தாள், நடுவில் அலை அலையாக ஒரு தாள். ஐந்து ப்ளையில் இரண்டு அலை, ஏழில் மூன்று. ப்ளை எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்குவது, புடவையை எத்தனை முழம் என்று மட்டும் கேட்டு வாங்குவது மாதிரி. கேட்க வேண்டியது இன்னும் இரண்டு: ஜிஎஸ்எம், பிஎஃப். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். பிஎஃப் என்பது அந்தத் தாள் கிழியாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதன் குறியீடு, 16, 18, 20, 22 என்று ஏறும். இரண்டையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் தாள் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தத்தில் வெடிக்கும் என்று தெரியும். 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப் என்றால் 2.7. பெட்டிக்கு இரண்டு தட்டைத்தாளையும் முழுசாகவும் அலைத்தாளைப் பாதியாகவும் எடுப்பது தொழில் வழக்கம், ஆக மூன்று ப்ளைக்கு 2.7 + 2.7 + 1.35 = 6.75. தனிக் காகிதக்கூழ் பொம்மைக்கு இது தாராளம். மலிவான தாளில் செய்த ஐந்து ப்ளையை விட நல்ல தாளில் செய்த மூன்று ப்ளையைத்தான் நான் எடுப்பேன்.

கடைக்காரர் 150 என்று சொன்னால் 150 தானா? வீட்டிலேயே பார்க்கலாம், நகை எடை போடும் சின்ன தராசு இருந்தால் போதும். பெட்டியிலிருந்து 10×10 செ.மீ. சதுரத்தைச் சுத்தமாக வெட்டி எடுங்கள், அது ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. அலைத்தாள் நெளிந்து போவதால் சுமார் 1.4 மடங்கு நீளத் தாளை விழுங்கும், ஆக மூன்று ப்ளையின் மொத்தம் 150 + 150 + 210 = 510, துண்டு 5.1 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும், பசை எடை கொஞ்சம் கூடும். 4 கிராம்தான் நிற்கிறது என்றால் உங்களுக்கு வந்தது 120 ஜிஎஸ்எம் கூட இல்லை. ஒருமுறை கடைக்காரர் கண்முன்னால் இதைச் செய்துவிட்டால் அடுத்த லோடு ஒழுங்காக வரும். நான் கடைக்காரனாக இருந்தபோது என் முன்னாலேயே ஒருவர் செய்தார், அதனால் தெரியும்.

வெடிப்பு தாங்குவதும் அடுக்கு தாங்குவதும் வேறு வேறு. லாரியில் உங்கள் பெட்டி மேல் இன்னும் பத்து பெட்டி உட்காரும். அந்தச் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது நான்கு மூலைகள், பக்கச்சுவரின் நடுப்பகுதி அவ்வளவாகத் தாங்காது. மூலை நசுங்கிய பெட்டியை, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுபடி உபயோகிக்காதீர்கள், உள்பெட்டியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் அலைவரிகள் சுவரில் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும், தூண் மாதிரி. பழைய பெட்டியை வெட்டி நீங்களே சின்னதாக்கும்போது வரி படுத்துவிட்டால் பலம் போயிற்று.

பேக்கிங் விஷயத்தில் எனக்குக் குரு என் பாட்டிதான். திருவல்லிக்கேணி வீட்டில் கொலு முடிந்ததும் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றுவாள். முதலில் கை விரல், புல்லாங்குழல், கிரீடம், இவற்றைச் சுற்றி மட்டும் கிழிந்த துணியை மெத்தென்று கட்டுவாள். அப்புறம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை அடைப்பாள். அதுவரை பொம்மை பொம்மை மாதிரி இருக்கும், அதற்கப்புறம் ஒரு தலையணை மாதிரி ஆகிவிடும், முழுசாகச் சுற்றுவது கடைசியில்தான். நீங்கள் நேராகப் பபிள் ராப்பை மூன்று சுற்று சுற்றிவிடுகிறீர்கள், அது நீட்டிக்கொண்டிருக்கும் கையை இழுத்துப் பிடித்துக் கொடி கட்டின மாதிரி நிற்கும், பெட்டி கீழே விழும்போது மொத்த அதிர்ச்சியும் அந்தக் கையில் இறங்கும். ராப் சுற்றியும் கை உடைகிறதே என்று புலம்பியிருந்தீர்கள், பெரிய பெட்டியோடு, இப்படி ராப் சுற்றினதும் ஒரு காரணம். பள்ளத்தை நிரப்பிவிட்டு, குமிழ் உள்பக்கம் பார்க்க இரண்டு சுற்று போதும்.

இன்னொன்று, பெயிண்ட். புதிதாக எனாமல் அடித்த பொம்மை மேல் பிளாஸ்டிக் நேராகப் படக்கூடாது, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒட்டிக்கொண்டு முகமெல்லாம் வட்ட வட்டமாகத் தடம் விழுந்துவிடும். முதல் சுற்று வெள்ளை டிஷ்யூ பேப்பர் அல்லது பட்டர் பேப்பர். நியூஸ்பேப்பர் வேண்டாம், மை பொம்மையின் கன்னத்தில் இறங்கும்.

நிரப்புகிற சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. வைக்கோல் மலிவு, பொம்மைக்காரர்கள் காலங்காலமாக உபயோகிப்பது, நிஜமாகவே நன்றாகத் தாங்கும், ஆனால் ஈரம் பிடிக்கும், பூச்சி வரும், ஆஸ்திரேலியாவுக்கு வைக்கோல் பேக்கிங் போகவே கூடாது. கசக்கிய பேப்பர் வழியில் அமுங்கிக்கொண்டே போய் மும்பை சேரும்போது பாதி ஆகிவிடும், அதனால் இடம் அடைக்க மட்டும், எடை தாங்க அல்ல. தெர்மாகோல் உருண்டை வாடிக்கையாளர் வீட்டு சோபா எல்லாம் ஒட்டும், உங்களைத் திட்டுவார்கள். காற்றுப் பைகள் கூர்மையான கிரீடத்தோடு ஒத்துப்போகாது. நான் சொல்வது ஃபோம் ஷீட், 10 மி.மீ. கனத்தில் எடுத்து மூன்று அடுக்கு, பெட்டியின் ஆறு பக்கமும்.

மண் பொம்மை வேறு கதை. எடை அதிகம், எடை ஏற ஏற விழும்போது அடி பலம். அதற்கு 5 செ.மீ.யில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், ஐந்து ப்ளை போடுங்கள், கூரியர் செலவைப் பொம்மை விலையில் ஏற்றுங்கள். தசாவதாரம் மாதிரி செட் என்றால் ஒவ்வொன்றும் தனிச் சின்னப் பெட்டியில், அந்தப் பத்தும் ஒரு பெரிய ஐந்து ப்ளைப் பெட்டியில், நடுவில் ஃபோம். ஒரு பெரிய பெட்டியில் பத்தையும் சும்மா அடுக்கினால் மச்சமும் கூர்மமும் வழியிலேயே மோதிக்கொள்ளும். தலையாட்டி பொம்மையைக் கழற்றி, தலை, உடம்பு, பாவாடை என்று தனித்தனியாகச் சுற்றி, மாட்டும் வரிசையைச் சீட்டில் எழுதி வையுங்கள். செட்டியார் கடையில் இருக்கும் குட்டிக் குட்டி மளிகைச் சாமானை ஜிப் பையில் போட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் பேக்கிங்கோடு குப்பைக்குப் போகும். மரப்பாச்சிக்கு இதெல்லாம் தேவையே இல்லை, ஒரு கூரியர் பை போதும், அது உங்களை விட உறுதி.

டேப்புக்கு வருகிறேன். 48 மி.மீ. அகல பிரவுன் டேப், நடுக்கோட்டில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, மேலேயும் கீழேயும். ஒட்டிவிட்டுக் கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும், பலரும் தேய்ப்பதில்லை. நடுவில் மட்டும் ஒரே கோடு போட்டால் மூலையில் விரல் நுழையும் அளவு வாய் பிளக்கும். சணல் கயிறு கட்டாதீர்கள், கூரியர் கிடங்கில் பார்சலை நகர்த்தும் பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும்.

மூடினதும் காதருகே வைத்துக் குலுக்குங்கள், சத்தமோ அசைவோ இருந்தால் திறந்து மறுபடி. அதற்கப்புறம் நிஜமான சோதனை. கொசப்பேட்டையில் மூக்கு போன பொம்மை ஒன்று சும்மாவே கொடுப்பார்கள், அதை விற்கிற பொம்மை மாதிரியே பேக் பண்ணிக் கீழே போடுங்கள். ஐஎஸ்டிஏ என்ற உலக அமைப்பின் 1ஏ முறையில், சின்ன பார்சலுக்கு 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பு, அப்புறம் ஆறு முகம். உங்கள் சாப்பாட்டு மேஜை உயரம் ஏறக்குறைய அதுதான். முதல் தடவை போடும்போது மனசு அடித்துக்கொள்ளும், போடுங்கள். எங்கே உடைகிறது என்று பார்த்து அங்கே மட்டும் ஃபோம் கூட்டுங்கள். ‘உடையும் பொருள்’ ஸ்டிக்கரை ஒட்டுங்கள், ஆனால் அதை நம்பி ஒரு மில்லிமீட்டர் ஃபோம்கூடக் குறைக்காதீர்கள், பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது.

நம்ம ஊர் ஈரத்தை மறக்கக்கூடாது. அட்டை காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும், ரொம்ப ஈரமான காற்றில் அதன் அடுக்கு பலம் பாதிக்குப் போய்விடும். நவராத்திரி செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வருகிறது, மழை அப்போதுதான் எட்டிப் பார்க்கும். பெட்டிக் கட்டுகளைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், பலகை மேல் வைத்துப் பிளாஸ்டிக் ஷீட் போர்த்துங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் கிடங்கில் முழங்கால் உயரத்துக்குக் கீழே இருந்த அத்தனை கட்டும் கஞ்சியாகிப் போனது, மேல் பலகையில் இருந்தவை மட்டும் மிஞ்சின. மழை நாளில் அனுப்பும் பெட்டிக்கு வெளியே ஒரு கூரியர் பை மாட்டுங்கள், அளவு பெரிதாகக் கூடாது.

எங்கே வாங்குவது? டிஷ்யூ, பட்டர் பேப்பர், பிரவுன் பேப்பர் எல்லாம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்த விலைக்குக் கிடைக்கும். ராப், ஃபோம், டேப் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பார்க்கலாம். அளவு சொல்லிப் பெட்டி செய்ய அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போங்கள், குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்பார்கள், அதனால் பத்து அளவு செய்யாதீர்கள். உங்களிடம் இருக்கும் எல்லா பொம்மையையும் ஃபோமோடு சேர்த்து அளந்து எழுதி, மூன்று கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு பெட்டி. பெட்டிச் சுவரில் 3 செ.மீ.க்கு ஒன்றாக இரண்டு மடிப்புக்கோடு கூடுதலாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள், குட்டை பொம்மைக்கு மூலையைக் கீறி அந்தக் கோட்டில் மடித்தால் உயரம் குறையும், எடைக்கணக்கும் குறையும்.

ஒரே நிபந்தனை, மாதிரிப் பெட்டி ஒன்று கையில் வாங்கி, உங்கள் கிருஷ்ணனை உள்ளே படுக்கவைத்து மூடிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆடி முடிவதற்குள் ஆர்டர் போய்விட வேண்டும். ஆவணி பிறந்தால் தீபாவளி ஸ்வீட் பெட்டி வேலை வந்து மெஷினைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் நூறு பெட்டிக்கு யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள்.